ஜோனி மிட்செல்: 2022க்குப் பின் வந்த மேடைப் பதிவுகளை இசைக்காகக் கேட்கிறோமா, அவர் மீதுள்ள அன்பினால் கேட்கிறோமா?

தனிவழி எழுதியது:

கனடாவில் பிறந்த பாடகியும் பாடலாசிரியருமான ஜோனி மிட்செலின் ஆல்பங்களை, குறிப்பாக 1971இல் வெளிவந்த ‘ப்ளூ’ முதல் 1976இல் வெளிவந்த ‘ஹெஜிரா’ வரையிலானவற்றை, நான் நீண்ட காலமாகக் கேட்டுவருகிறேன். அவருடைய அண்மைக்கால மேடைப் பதிவுகளைப் பற்றி இங்குள்ள நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய விரும்பி இதை எழுதுகிறேன்.

2015 மார்ச் மாதம் மூளையின் இரத்தக்குழாயில் ஏற்பட்ட பாதிப்புக்குப் பிறகு அவர் பேசுவதையும் நடப்பதையும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. இனி அவர் மேடையேற மாட்டார் என்றே பெரும்பாலானோர் எண்ணியிருந்த நிலையில், 2022 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் முன்னறிவிப்பின்றித் தோன்றிப் பாடினார். அந்த விழாவில் அவர் அதற்கு முன்பு பாடியது 1969இல். அடுத்த ஆண்டே அந்தப் பதிவு ஆல்பமாக வந்தது; 2024 பிப்ரவரியில் சிறந்த ஃபோக் (நாட்டுப்புற இசை) ஆல்பத்துக்கான கிராமி விருதையும் பெற்றது. அதே விருது விழாவில், எண்பது வயதில், முதன்முறையாகக் கிராமி மேடையில் ‘போத் சைட்ஸ் நவ்’ பாடினார். அந்த ஆண்டு அக்டோபரில் ஹாலிவுட் பௌல் அரங்கில் இரண்டு இரவுகள் பாடினார்.

இவை நிகழ்ந்ததே பெரிய மகிழ்ச்சி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நியூபோர்ட் பதிவைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. அந்த இருக்கை, அந்தக் கைத்தடி, சுற்றிலும் கண்கலங்கி நிற்கும் இளைய பாடகர்கள் ஆகியவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, யார் பாடுகிறார் என்பதையே அறியாத ஒருவர் அந்த ஒலிப்பதிவை மட்டும் கேட்டால், அதில் அவரைப் பிடித்து நிறுத்தக்கூடிய இசை இருக்கிறதா? அல்லது நாம் 1971இன் குரலை நினைவிலிருந்து எடுத்து, இன்றைய குரலின் இடைவெளிகளை நாமே நிரப்பிக்கொள்கிறோமா? அவரை உண்மையாகவே நேசிக்கும் ஒருவரால் இதற்கு எப்படி நேர்மையாகப் பதில் சொல்ல முடியும் என்பதை அறியவே கேட்கிறேன்.

மந்தரம் எழுதியது:

நண்பர் தனிவழி அவர்களுக்கு, கேள்வி நியாயமானது. ஆனால் 2022இன் குரலை 1971இன் குரலோடு நேரடியாக ஒப்பிடுவதிலிருந்தே பலருக்கும் தடுமாற்றம் தொடங்குகிறது என்று நான் கருதுகிறேன். இடையில் அரை நூற்றாண்டு இருக்கிறது என்பது மட்டுமல்ல, அந்தக் குரல் நோயினால் ஒரே நாளில் மாறியதும் அல்ல. ‘க்ளவுட்ஸ்’ ஆல்பத்தில், 1969இல், மேல்ஸ்தாயியில் எந்தச் சிரமமும் இல்லாமல் தாவி ஏறிய அந்தச் சாரீரம், எழுபதுகளின் இறுதியிலேயே கீழே இறங்கத் தொடங்கிவிட்டது. ‘ஹெஜிரா’வைக் கவனித்துக் கேளுங்கள்: பாடலின் கனம் முழுவதும் நடு ஸ்தாயியில் இருக்கிறது. 1982இல் வந்த ‘வைல்ட் திங்ஸ் ரன் ஃபாஸ்ட்’, 1991இல் வந்த ‘நைட் ரைட் ஹோம்’ ஆகியவற்றை வரிசையாகக் கேட்டால், ஒவ்வொரு ஆல்பத்திலும் குரல் சிறிது சிறிதாகக் கீழிறங்கி, நிறம் அடர்ந்து வருவதை உணரலாம். அவர் சிறு வயதிலிருந்தே புகைபிடித்தவர் என்பதை இதற்கு முதற்காரணமாகப் பலரும் சொல்வார்கள். அவரோ தொண்டையில் ஏற்பட்ட வேறு பாதிப்புகளையும், சிறுவயதில் தாக்கிய போலியோவின் பின்விளைவையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

ஆகவே நாம் ஒப்பிட வேண்டியது 2000ஆம் ஆண்டின் ‘போத் சைட்ஸ் நவ்’ ஆல்பத்தோடுதான். வின்ஸ் மென்டோசாவின் இசைக்கோப்பில், முழு ஆர்கெஸ்ட்ராவோடு, பெரும்பாலும் பழைய ஜாஸ் பாடல்களைத் தொகுத்துப் பாடிவந்து, இறுதியில் தன் இருபத்து மூன்றாம் வயதில் எழுதிய அதே பெயருள்ள பாடலை ஐம்பத்தாறாவது வயதில் அவர் பாடுகிறார். சால் பெல்லோவின் நாவல் ஒன்றை விமானத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, அதில் விமானத்திலிருந்து மேகங்களைக் கீழ்நோக்கிப் பார்க்கும் இடம் வர, தானும் ஜன்னல் வழியே பார்த்து எழுதத் தொடங்கிய பாடல் அது. பாடகி ஜூடி காலின்ஸ் பாடி அது புகழ்பெற்ற பிறகே ஜோனி அதைத் தன் ‘க்ளவுட்ஸ்’ ஆல்பத்தில் சேர்த்தார். 1969இன் பதிவு அழகானது. ஆனால் அங்கே பாடுபவர் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பதாகச் சொல்லும்போது நாம் அதை ஒரு கெட்டிக்கார இளம்பெண்ணின் கற்பனையாக எடுத்துக்கொள்கிறோம். 2000இன் பதிவில் சுருதி வெகுவாகக் கீழிறங்கியிருக்கிறது. ஒவ்வொரு வரியும் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வந்து விழுகிறது. வேன் ஷார்ட்டரின் சாக்ஸபோன் அவருக்குப் பதில் சொல்வதுபோல இடையிடையே எழுகிறது. குரலில் இருந்த உயரம் போன பிறகு, சொல்லை எங்கே வைப்பது என்ற தேர்ச்சி அதன் இடத்துக்கு வந்துவிட்டது. அந்த இசைக்கோப்புக்காக மென்டோசா கிராமி விருது பெற்றார். அது முற்றிலும் தகுதியானதே.

இதிலிருந்து 2022க்கு வாருங்கள். நியூபோர்ட்டில் அதே பாடலில் மூச்சு இன்னும் குறைந்திருக்கிறது என்பது உண்மை. வாக்கியங்கள் முன்னைவிடச் சிறிய துண்டுகளாக வருகின்றன. ஆனால் எந்தச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துவது, எந்தச் சொல்லைக் கிட்டத்தட்டப் பேசிவிட்டு நகர்வது என்ற முடிவுகள் எல்லாம் அவருடையவை, அவையும் 2000இல் செய்த முடிவுகளின் மறுபதிப்பு அல்ல. உடன் பாடும் இளைய பாடகி பிராண்டி கார்லைல் அந்தப் பாடலில் மெல்லிய துணையாகவே நிற்கிறார். பாடலைச் சுமப்பது ஜோனிதான். ‘சம்மர்டைம்’ பாடலிலும் அப்படியே. யார் பாடுகிறார் என்று தெரியாத ஒருவர் இந்த இரண்டு பதிவுகளையும் கேட்டால், இவர் வாழ்நாள் முழுவதும் பாடிய ஒருவர் என்பதையும், ஒவ்வொரு சொல்லின் எடையையும் அறிந்தவர் என்பதையும் உறுதியாகச் சொல்லிவிடுவார். எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆம், அதில் இசை இருக்கிறது. ஆனால் முழு ஆல்பத்துக்கும் இதே பதிலைச் சொல்ல மாட்டேன்.

பழந்தட்டு எழுதியது:

மந்தரம் அவர்கள் சிறப்பாக எழுதியிருக்கிறார். அவருடைய கடைசி வாக்கியத்திலிருந்தே என் மறுப்பைத் தொடங்குகிறேன்.

நியூபோர்ட் ஆல்பத்தில் ‘ஹெல்ப் மீ’ பாடலைப் பாடுவது செலீஸ் என்ற இளைய பாடகி. அவர் மிகத் திறமையாகப் பாடுகிறார், ஆனால் அது ஜோனியின் பாடல் அளிப்பு அல்ல. ‘எ கேஸ் ஆஃப் யூ’, ‘அமீலியா’ போன்றவற்றில் மற்றவர்கள் மெட்டைத் தாங்கிப் பிடிக்க, ஜோனி அதற்குள் நுழைந்து வெளியேறுகிறார். ‘பிக் யெல்லோ டாக்ஸி’யிலும் ‘தி சர்க்கிள் கேம்’ பாடலிலும் மேடை முழுவதும் சேர்ந்து பாடுகிறது. அவருடைய லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டில் நண்பர்கள் கூடிப் பாடிவந்த மாலைகளை மேடைக்குக் கொண்டுவந்ததே அந்த நிகழ்ச்சி என்பதால், அங்கே அது பொருத்தமாக இருந்திருக்கும். வீட்டுக் கூடத்தில் பாடுவதை வீட்டுக் கூடத்தின் அளவுகோலால் அளக்கலாம். அதை ஆல்பமாக்கி, அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஃபோக் ஆல்பம் என்று விருதும் கொடுக்கும்போது, அதைச் சாதாரண ஆல்பத்துக்குரிய அளவுகோலால் அளக்கும் உரிமை நமக்கு வருகிறது. அந்த அளவுகோலில் அது நிற்கவில்லை என்பதே என் முடிவு.

இதை நான் அவர் மீதுள்ள மதிப்பினால்தான் சொல்கிறேன். தன் வெற்றியை மறுபடி செய்துகாட்ட மறுத்தவர் என்பதால்தானே நாம் அவரை இவ்வளவு நேசிக்கிறோம். 1974இல் ‘கோர்ட் அண்ட் ஸ்பார்க்’ அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. ‘ஹெல்ப் மீ’ முதல் பத்துப் பாடல்களுக்குள் வந்தது. அதே பாணியில் இன்னும் மூன்று ஆல்பங்கள் செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அடுத்த ஆண்டே ‘தி ஹிஸ்ஸிங் ஆஃப் சம்மர் லான்ஸ்’ என்ற, அந்நாளில் பலரும் புரிந்துகொள்ளாத ஆல்பத்தைச் செய்தார், அதன்பின் ‘ஹெஜிரா’, அதன்பின் உடல் செயலிழந்துகொண்டிருந்த ஜாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸோடு சேர்ந்து, தன் ரசிகர்களில் பாதிப் பேரை இழக்க நேரிடும் என்று தெரிந்தே ஒரு முழு ஜாஸ் ஆல்பம். 1974இன் மேடைப் பதிவான ‘மைல்ஸ் ஆஃப் ஐல்ஸ்’ ஆல்பத்தில், பழைய பாடல்களைக் கேட்டுக் கூச்சலிடும் கூட்டத்திடம், வான்கோவிடம் யாரும் ‘ஸ்டாரி நைட்’ ஓவியத்தை இன்னொரு முறை வரையச் சொன்னதில்லை என்று அவர் சொல்வது பதிவாகியிருக்கிறது. அப்படிச் சொன்ன கலைஞரைச் சுற்றி உட்கார்ந்து, நாம் இப்போது அதே ஓவியத்தை மறுபடி மறுபடி கேட்டு வாங்குகிறோம். அவர் மனமுவந்து பாடுகிறார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கேட்பவர்களாகிய நமக்கும் ஒரு கடமை இருக்கிறது: இரக்கத்தின் பேரில் அளவுகோலைத் தாழ்த்துவது அவரைப் போன்ற ஒருவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

2000இன் ஆல்பத்தைப் பற்றி மந்தரம் சொன்னது முழுவதும் எனக்கு உடன்பாடே.

ஆறுதந்தி எழுதியது:

இருவரும் குரலைப் பற்றி மட்டுமே எழுதியிருப்பதால், கிதார் வாசிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நியூபோர்ட் பதிவில் எனக்கு மிக முக்கியமான இடம் அவர் பாடாத இடம்தான்: எலெக்ட்ரிக் கிதாரை எடுத்து, ‘ஜஸ்ட் லைக் திஸ் ட்ரெயின்’ பாடலைச் சொற்களே இல்லாமல் வாசித்த இடம்.

அதன் பொருள் விளங்க வேண்டுமானால் அவருடைய இடது கையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் வளர்ந்தபோது, சுமார் ஒன்பது வயதில் போலியோ தாக்கி, அவருடைய இடது கை வலுவிழந்தது. வழக்கமான ட்யூனிங்கில் (தந்திகளின் சுருதி அமைப்பில்) சில கார்டுகளை (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) பிடிக்கத் தேவைப்படும் அழுத்தமும் விரிப்பும் அந்தக் கைக்கு எளிதாக வரவில்லை. எனவே அவர் விரல்களைக் கிதாருக்கு ஏற்ப வளைக்காமல், கிதாரின் தந்திகளைத் தன் விரல்களுக்கு ஏற்ப மாற்றிச் சுருதி கூட்டினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட ட்யூனிங்குகளை அவர் பயன்படுத்தியிருக்கிறார். தந்திகளை வேறு சுரங்களுக்கு இறக்கி வைத்துவிட்டால், ஓரிரு விரல்களை வைத்தாலே போதும், மற்றத் தந்திகள் திறந்தபடி ஒலித்து, வேறு எவர் வாசிப்பிலும் கிடைக்காத கார்டுகள் பிறக்கும். அவருடைய பாடல்கள் எங்கும் முடிவுக்கு வராமல் தொங்கி நிற்பதுபோல நாம் உணர்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஜாஸ் கலைஞர்கள் பிற்பாடு அவரைத் தேடி வந்ததற்கும் இந்தக் கார்டுகளே காரணம் என்று நினைக்கிறேன். ஜாக்கோ பாஸ்டோரியஸின் ஃப்ரெட் (கழுத்துப் பகுதியின் குறுக்குக் கம்பிகள்) இல்லாத பேஸ் கிதார், ‘ஹெஜிரா’வின் ‘கயோட்டி’ பாடலில் அந்தத் திறந்த தந்திகளுக்கு நடுவில் எவ்வளவு சுதந்திரமாக நடமாடுகிறது என்று கேளுங்கள். மேடையில் ஒவ்வொரு பாடலுக்கும் தந்திகளை மாற்றிச் சுருதி கூட்டும் சிரமம் அவரை வெகுவாகச் சோர்வடையச் செய்தது. தொண்ணூறுகளின் நடுவில் ரோலண்ட் விஜி-8 என்ற கருவி கிடைத்த பிறகு, தந்திகளைத் தொடாமலேயே மின்னணு முறையில் ட்யூனிங்கை மாற்ற முடிந்தது. 1998இல் வந்த ‘டேமிங் தி டைகர்’ ஆல்பத்தின் ஒலி அந்தக் கருவியிலிருந்து வந்ததே.

2015க்குப் பிறகு இந்த அறிவு முழுவதும் அவருடைய கையிலிருந்து போய்விட்டது. தன் பழைய காணொளிகளைப் பார்த்து, எந்தத் தந்தியில் எந்த விரலை வைத்தோம் என்று மறுபடியும் கற்றுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இந்த ட்யூனிங்குகளை முயன்று பார்த்த எவருக்கும் தெரியும், இடது கையின் நிலைகளைப் படத்தைப் பார்த்துக் கற்றுவிடலாம். வலது கையைப் பார்த்துக் கற்க முடியாது. கட்டைவிரல் கீழ்த்தந்திகளைத் தட்டி அடக்குவதும், மற்ற விரல்கள் அதற்கு மேல் ஒரு மெட்டை மிதக்க விடுவதும் சேர்ந்த அந்த நடை வாசித்து வாசித்துத்தான் கையில் ஏறும். நியூபோர்ட்டில் அந்த நடை இருக்கிறது. 1974இன் ‘கோர்ட் அண்ட் ஸ்பார்க்’ பதிவில் எல்.ஏ. எக்ஸ்பிரஸ் என்ற ஜாஸ் குழு அந்த நடையைச் சுற்றி மெத்தை விரித்திருந்தது. இங்கே மெட்டும் தாளமும் அவருடைய கிதாரையே நம்பி நிற்கின்றன. சில இடங்களில் தயங்குகிறார், ஒரு சுரம் தாமதமாக வருகிறது. ஆனால் யார் வாசிக்கிறார் என்று சில நொடிகளிலேயே தெரிந்துவிடுகிறது. பழந்தட்டு அவர்கள் கேட்கும் கடுமையான அளவுகோலை இந்த ஒரு வாசிப்பின் மீது வைத்துப் பார்க்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

தனிவழி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆறுதந்தி அவர்கள் சொன்ன பிறகு அந்த வாசிப்பை மட்டும் தனியாகக் கேட்டேன். வலது கையைப் பற்றி அவர் எழுதியது காதில் தெளிவாக விழுந்தது. ஒரு துணைக் கேள்வி: கிராமி நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு ஜோனியைக் கேட்க விரும்புவதாக என் அண்ணன் மகள் சொல்கிறாள். அவளுக்கு முதலில் எந்த ஆல்பத்தைக் கொடுப்பது? ‘ப்ளூ’தான் என்று கை தானாகப் போகிறது, ஆனால் முதிய குரலைக் கேட்டு வந்தவளுக்கு அது சரியான வாசலா என்று தெரியவில்லை.

மந்தரம் எழுதியது:

‘ஹெஜிரா’வைக் கொடுங்கள். 1976இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள மெய்ன் மாநிலத்திலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை தனியாகக் கார் ஓட்டிவந்த பயணத்தில் அவர் எழுதிய பாடல்களே அந்த ஆல்பத்தில் பெரும்பாலானவை. 1937இல் விமானத்தோடு காணாமல் போன விமானி அமீலியா இயர்ஹார்ட்டை விளித்துப் பாடும் ‘அமீலியா’ அதில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் தனியாகச் செல்லும் ஒருத்தி, வானத்தில் தனியாகச் சென்ற இன்னொருத்தியோடு பேசுகிறாள். அந்தப் பாடலில் டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, லாரி கார்ல்டனின் கிதாரும் விக்டர் ஃபெல்ட்மனின் வைப்ரஃபோனும் மட்டும் அவருடைய கிதாருக்குத் துணை. ‘ப்ளூ’வின் பாடல்கள் இளமையின் காதல்களிலிருந்து பிறந்தவை, அவற்றை அந்த வயதின் குரலிலிருந்து பிரிக்க முடியாது. ‘ஹெஜிரா’வின் பாடல்களோ குரல் முதிர முதிர இன்னும் இடம் கொடுக்கின்றன, ஹாலிவுட் பௌல் நிகழ்ச்சியில் ‘கயோட்டி’, ‘ஹெஜிரா’, ‘அமீலியா’ ஆகியவற்றை அவர் சேர்த்துக்கொண்டதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அங்கே ‘நைட் ரைட் ஹோம்’, ‘டர்புலன்ட் இண்டிகோ’ போன்ற பிற்கால ஆல்பங்களின் பாடல்களும் கணிசமாக இடம்பெற்றன. ஆகவே பழைய ஓவியத்தையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறார் என்ற பழந்தட்டு அவர்களின் வருத்தத்துக்கு, நியூபோர்ட்டைவிட ஹாலிவுட் பௌல் நல்ல பதிலாக இருக்கும்.

பழந்தட்டு எழுதியது:

ஹாலிவுட் பௌல் பாடல் தேர்வைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். வெற்றிப் பாடல்களை மட்டும் எதிர்பார்த்து வந்த கூட்டத்துக்கு முன்னால் அயர்லாந்தின் கன்னியர் மடச் சலவைக்கூடங்களில் அடைக்கப்பட்ட பெண்களைப் பற்றிய ‘தி மாக்டலீன் லாண்ட்ரீஸ்’ போன்ற பாடலை வைப்பது பழைய ஜோனியின் செயல்தான். ஆறுதந்தி அவர்கள் சுட்டிய கிதார் வாசிப்பு என் அளவுகோலிலும் நிற்கிறது. முழு ஆல்பத்தைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு ‘ஹெஜிரா’வை முதலில் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். அது நீளமான பாடல்களைக் கொண்டது. மெட்டுகள் பிடிகொடுக்காமல் நழுவுபவை. ஏற்கெனவே ஜோனியை அறிந்தவர்களுக்கே பல முறை கேட்ட பிறகுதான் முழுவதும் திறந்துகொள்ளும். ‘ப்ளூ’ பத்துப் பாடல்கள், முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு, பியானோ, கிதார், டல்சிமர் (மடியில் வைத்து வாசிக்கும் தந்திக் கருவி) தவிர அதிகமாக எதுவும் இல்லை. மேலும் அதை இளமையின் காதல்களிலிருந்து பிறந்தது என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது சரியல்ல. ஆல்பம் தயாரான நிலையில், கடைசி நேரத்தில் இரண்டு பாடல்களை நீக்கிவிட்டு, ‘ஆல் ஐ வான்ட்’ பாடலைத் தொடக்கத்திலும், ‘தி லாஸ்ட் டைம் ஐ சா ரிச்சர்ட்’ பாடலை இறுதியிலும் அவர் சேர்த்தார். அந்த இறுதிப் பாடலைப் பியானோவில் தனியாகப் பாடுகிறார். கனவுகளை இழந்துவிட்ட ஒருவனையும், அவனைப்போலத் தானும் ஆகிவிடுவோமோ என்று அஞ்சும் ஒருத்தியையும் அதில் கேட்கிறோம். இருபத்தேழு வயதில் எழுதியது. எண்பது வயதுக் குரலைக் கேட்டு வந்தவளுக்கு, அந்த முதிர்ச்சி எங்கே தொடங்கியது என்று காட்ட அதைவிடச் சிறந்த பாடல் எனக்குத் தெரியவில்லை. முதலில் ‘ப்ளூ’, அடுத்து 2000இன் ஆல்பம், அதன்பின் ‘ஹெஜிரா’ என்ற வரிசையில் கொடுத்துப் பாருங்கள். நியூபோர்ட் பதிவை அவள் ஏற்கெனவே கேட்டிருந்தால், இந்த மூன்றையும் முடித்த பிறகு அதை மறுபடி கேட்கச் சொல்லி, இந்தக் கேள்வியை அவளிடமே கேளுங்கள்; அவள் என்ன சொல்கிறாள் என்பதை இங்கே எழுதினால் நானும் படிக்க விரும்புகிறேன்.